குழலின் அடியில் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

மழை. ஆயுத அறையின் மேற்கு மூலையில் மறுபடியும் ஒழுகல். வாளி வைத்தேன். பள்ளிக்கூடத்துக் கூட்டம் இரண்டு முறை வந்தது. ஒரு வாண்டு இரும்புத் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு விட்டான். நான் போட்ட "தொடாதே"யில் கூட வந்த டீச்சரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்த அருங்காட்சியகத்தில் என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் நான் "தொடாதே சார்".

மதியம் ஒரு துப்பாக்கி வந்தது. அக்கா தம்பி இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். அக்கா மருந்துக்கடை வைத்திருப்பவர், தம்பி பஸ் ஓட்டுகிறவர். போன வருஷம் இறந்த அப்பாவுடையதாம். உரிமத்தை யார் பெயருக்கு மாற்றுவது என்று அலைவதைவிட இங்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். போர்வையைப் பிரித்ததும் அவர்களைக் கேட்காமலே கையில் எடுத்துவிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் பழைய வகை. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை இழுத்தால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புக் கட்டை நேராகக் கீழே இறங்கும். தோட்டாவை வைத்து வளையத்தைத் திரும்பத் தள்ளினால் கட்டை ஏறி வாயை மூடும். எட்டுப் பட்டைக் குழல். நூறு வயது தாண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் சேகரிப்பில் இந்த வகையில் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த மருந்துக்கடை அம்மா தன் அப்பாவைப் பற்றி என்னென்னவோ சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே கட்டையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

மீசைக்குப் படங்கள் அனுப்பியிருந்தேன். பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்கிறவன், முப்பது வருஷச் சிநேகிதன், முப்பது வருஷமாக என்னோடு சண்டை போடுகிறவன். "பட்டறையில யாரோ உக்காந்து பண்ணின கைவேலைய்யா இது" என்றான். இவனுக்கு எதைப் பார்த்தாலும் கைவேலை. வளையத்தின் வளைவைப் பார், பின்கட்டையின் தோளைப் பார், இது இந்த வகைக்குப் பேர்போன பெரிய தொழிற்சாலையில் செய்த முதல் வரிசை, சந்தேகமே இல்லை என்றேன். "சனிக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன். தோத்தா மீசையை எடுத்துடறேன். நீ எதை எடுப்பே?" என்றான். என்னிடம் எடுக்க என்ன இருக்கிறது, தலையில்கூட ஒன்றும் இல்லை.

அந்தத் தொழிற்சாலையின் முதல் வரிசையில் பெயரைக் குழலின் அடிப்பக்கம்தான் பொறிப்பார்கள். முன்கை பிடிக்கும் மரம் அதை மறைத்திருக்கும். மரத்தைக் கழற்ற வேண்டும். இரண்டு திருகாணியும் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. செவ்வாய் மாலையிலிருந்து எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன்.

குழலில் தோட்டா உட்காரும் குழிக்குள், அதாவது தோட்டா அறைக்குள், மெழுகு ஊற்றி அச்சு எடுத்து அளந்தேன். புத்தகத்தில் இருக்கும் அளவோடு அரை மில்லிமீட்டர் ஒத்துவரவில்லை. மெழுகு சுருங்கியிருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

ஒன்றுமில்லையா? எனக்கு நானே எழுதுகிற இடத்திலும் பொய்யா?

நேற்று என்ன நடந்தது என்றால் — திருகாணி இளகியது. மரம் வந்தது. அடியில் கெட்டித் துரு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். துருவுக்குள் ஒரு வளைவு தெரிந்தது. நகக்கண் அளவு. யாரோ பொறித்த வளைவு, தானாக வந்ததில்லை. தொழிற்சாலைப் பெயரின் முதல் எழுத்து அப்படித்தான் வளையும். வந்துவிட்டது, மீசைக்கு நாளைக்கு மழுங்கச் சிரைப்பு என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே கத்திக் கத்திச் சொல்கிறேன். முதலில் படம் எடு. எண்ணெய் விடு. காத்திரு. மூங்கில் குச்சியால் மட்டும் சுரண்டு. வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். பழைய இரும்பில் அமிலம் வைப்பவன் கையை வெட்டலாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது, மீசை நாளைக்கு வருகிறான். துரு நீக்கும் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். துரு கரைந்து கருப்பாக வழிந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு உப்புத்தாள். லேசாகத்தான் தேய்த்தேன். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் புதுக் கரண்டி மாதிரி பளபள என்றிருந்தது. வளைவைக் காணோம். எழுத்தும் இல்லை, எதுவும் இல்லை. படமும் எடுக்கவில்லை.

மீசை இன்று வந்தான். மரத்தை நீக்கிப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான். "என்னய்யா இது, குளிப்பாட்டி விட்ட குழந்தை மாதிரி இருக்கு?"

"வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தான். எங்கள் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மீசை என்னோடு சண்டை போடவில்லை.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக்காரி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். நுனியெல்லாம் வெளுத்து உரிந்திருக்கிறது. "கழிவறையா கழுவினீங்க?" என்றாள். வேலையில் ஆயிரம் இருக்கும், எல்லாத்தையும் உன்னிடம் ஒப்பிக்கணுமா என்று பாய்ந்தேன். அவள் தேங்காய் எண்ணெய்யை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மருந்துக்கடை அம்மா வந்தார். கடையைத் தம்பி மனைவியிடம் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு. உட்காரவே இல்லை. "மரத்தைக் கழட்டியாச்சா சார்? பார்த்தீங்களா?" என்றார்.

எதைப் பார்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகம் வாடியது. "அன்னிக்கே சொன்னேனே சார்." அன்றைக்குச் சொன்னாராம். நான் தலையாட்டினேனாம்.

மறுபடி சொன்னார். அவர் அப்பா வாலிபத்தில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் இருந்தாராம். பட்டறை மூடிய பிறகு சாகும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் காவல்காரர். இந்தத் துப்பாக்கியின் பின்கட்டையை நானே அராவிச் செய்தேன், முதலாளி மெச்சி எனக்கே கொடுத்தார், குழலின் அடியில் என் குறியைப் பொறித்திருக்கிறேன், ஒரு பிறை, பக்கத்தில் ஒரு புள்ளி என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்பவில்லை. "காவல்காரருக்கு எதுக்கு இவ்வளவு பெருமைன்னு சித்தப்பாதான் ஆரம்பிச்சார். அப்பாவுக்குப் பீரங்கின்னு பேர் வச்சாங்க சார். பெருசா விடுவாராம். கல்யாண வீட்டுக்குப் போனா, பீரங்கி வந்தாச்சு, காதைப் பொத்திக்கோங்கன்னு சிரிப்பாங்க. எங்க முன்னாடியே."

அப்போதே கழற்றிக் காட்டியிருக்கலாமே என்றேன்.

"காட்ட மாட்டார். நான் சொன்னா நம்பணும், கழட்டிப் பார்த்துட்டு நம்புறவன் நம்பவே வேணாம்பார்." சிரித்தார். கண் நிறைந்திருந்தது. "சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டணும் சார். அதுக்குத்தான் இங்க கொடுத்தோம். நீங்க சொன்னா யாரும் மறுக்க முடியாது."

நான் துப்பாக்கியை எடுத்து மரத்தை நீக்கி அடிப்பக்கத்தைக் காட்டினேன். வெறும் பளபளப்பு. அந்த அம்மா விரலால் தடவிப் பார்த்தார். தொடாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை.

"இல்லையே சார்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. என் வாயிலிருந்து வந்ததோ இது: "வீட்ல யாராவது தேய்ச்சு சுத்தம் பண்ணியிருப்பாங்க. அப்படி நடக்கிறது உண்டு."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "தம்பிதான் வச்சிருந்தான்" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

சீ.

மார்ச் 19, புதன்

தம்பி வந்தார், பணி முடிந்த காக்கிச் சட்டையோடு. கையில் பஸ் சாவி.

"நான் தேய்க்கலை சார். மேலாப்புல எண்ணெய்தான் போடுவேன். அப்பா போனதுக்கப்புறம் ஒருதரம் அந்தத் திருகாணியைக் கழட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன், அசையவே இல்லை, விட்டுட்டேன். அதை அக்காகிட்ட சொன்னதுதான் தப்பாப்போச்சு. அப்ப கையை வச்சியான்னு பிடிச்சுக்கிச்சு. எனக்கும் அப்பா மேல நம்பிக்கை இல்லாம இருந்ததுன்னு அக்காவுக்குத் தெரியும். வேணும்னே அழிச்சிட்டேன்னு நினைக்குது. பேச மாட்டேங்குது சார். கடைக்குப் போனா மாத்திரையை எடுத்து வச்சிட்டு உள்ள போயிடுது." சாவியை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "அது எப்ப தேய்ச்சதுன்னு நீங்க பார்த்துச் சொல்ல முடியும்தானே? நீங்க சொன்னா அக்கா நம்பும்."

சொல்ல முடியும். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே நடந்திருக்கலாம்" என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொன்னார்! கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஐம்பத்தேழு வயதில் வெட்கத்தில் அழுவது எப்படி என்று தெரியவில்லை, இருமல்தான் வந்தது.

மார்ச் 24, திங்கள்

வீட்டுக்காரியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஆறுதல் சொல்வாள் என்று எங்கோ ஒரு நப்பாசை எனக்கு.

"ஊருக்குத்தான் உபதேசமா? இந்த வீட்ல கண்ணாடி டம்ளரைக்கூட என்னைத் தொட விடமாட்டீங்களே" என்றாள்.

தெரியாமல் நடந்துவிட்டது என்றேன்.

"தேய்ச்சது தெரியாம நடந்தது. அந்தத் தம்பி தலையில பழியைப் போட்டதும் தெரியாமதானா?"

வேலை போய்விடும், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்று இழுத்தேன். அவள் கையிலிருந்த என் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அவங்க அப்பா செத்துட்டாரு. எழுந்து வந்து நான் சொன்னது நிஜம்னு அவரால சொல்ல முடியாது. இந்த உலகத்துல அந்த வளைவைப் பார்த்தது நீங்க ஒரே ஆள். வாயை மூடிட்டு உக்காந்திருக்கீங்க."

மார்ச் 26, புதன்

மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் இல்லை. "வாங்க சார், என்ன வேணும்?" என்றார் அந்த அம்மா. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாத்திரையைப் பார்த்து வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குத் தலைவலியே கிடையாது. இப்போது இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தம்பியையும் வரச் சொல்லி அந்த அம்மா வீட்டுக்கே போனேன். வீட்டுக்காரியும் கூட வந்தாள். வாசலோடு நான் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அக்கா நாற்காலியில், தம்பி கதவோரம் நின்றுகொண்டு, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல். சுவரில் அப்பாவின் படம். காவல்காரத் தொப்பி. இறுகிய வாய். கழற்றிப் பார்த்துவிட்டு நம்புகிறவன் நம்பவே வேண்டாம் என்று சொல்லக்கூடிய வாய்தான்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அன்று நீங்கள் பேசியதை நான் கேட்கவில்லை. மீசையிடம் ஜெயிக்கும் அவசரத்தில் அமிலம் வைத்தேன். தேய்ப்பதற்கு முன் ஒரு வளைவைப் பார்த்தேன். அழித்தவன் நான். உங்கள் தம்பி தொடவே இல்லை.

தம்பிதான் முதலில் பேசினார், கோபமே இல்லாமல்.

"எங்க அப்பா நிஜத்தைச் சொன்னார் சார். வாழ்நாளெல்லாம் சொன்னார். ஒருத்தரும் நம்பலை, நான்கூட நம்பலை. நீங்க ஒரே ஒரு பொய் சொன்னீங்க. உடனே நம்பிட்டோம்."

அடித்திருக்கலாம். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கணக்கு ஓடியது. "பிறை, புள்ளின்னு நானே உங்களுக்குச் சொல்லிட்டேன். இப்ப வந்து வளைவைப் பார்த்தேங்கறீங்க. மனசு கேக்காம எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்களோ என்னமோ. உங்க வார்த்தையை நான் எப்படி சார் நம்புறது?"

எப்படி நம்புவார்? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். அவர் அப்பாவின் நிஜத்துக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே சாட்சி நான், அந்தச் சாட்சியின் வாயையும் நானே கெடுத்துவைத்திருக்கிறேன்.

வெளியே வரும்போது பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. எனக்கு இல்லை, தம்பிக்கு. "சாப்பிட்டியா?"

ஏப்ரல் 2, புதன்

அருங்காட்சியக இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்களே எழுதிக் கொடுக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார், ஏதோ நான் அவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்ட மாதிரி. இனிமேல் அமிலம் இருக்கும் அலமாரிச் சாவி என்னிடம் கிடையாது. பயிற்சி வகுப்பும் வேறொருவருக்கு. சரிதான். எந்த முகத்தோடு அங்கே போய்க் கத்துவேன்?

ஏப்ரல் 11, வெள்ளி

மீசையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும்" என்றான். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இன்னொரு பொய் சொல்லியிருப்பே. எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்?"

இருவரும் உட்கார்ந்து துப்பாக்கியை முதலிலிருந்து பார்த்தோம். இந்தத் தடவை எதையும் தேய்க்காமல், ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டு, கண்ணாலும் பூதக்கண்ணாடியாலும் மட்டும். பின்கட்டையின் உட்புறத்தில் அரத்தின் கீற்றுகள் தெரிந்தன. இயந்திரம் கடைந்திருந்தால் கோடுகள் ஒரே சீராக ஓடும். இவை குறுக்கும் நெடுக்குமாக, கை ஓய்ந்து திரும்பிய இடங்கள்கூடத் தெரிய இருந்தன. திருகாணிகளின் மரை எந்தத் தொழிற்சாலை அளவோடும் சேரவில்லை. நான் மெழுகு சுருங்கியது என்று தள்ளிய அந்த அரை மில்லிமீட்டரும் மெழுகின் தப்பில்லை. தோட்டா அறையையும் யாரோ கையால்தான் கடைந்திருக்கிறார்கள்.

ஆக மீசை சொன்னதுதான் சரி, நான் போட்ட நூறு வயதுக் கணக்கும் தப்பு. அதைவிட முக்கியம், பட்டறையில் ஒருவர் தன் கையால் அராவிய கட்டை இது. அது அந்தக் காவல்காரரின் கையா? தெரியாது. தெரிந்துகொள்ளும் ஒரே வழியைத்தான் நான் உப்புத்தாளால் துடைத்தேன்.

மீசை தன் மீசையைத் தடவிக்கொண்டே கிளம்பினான். "நீ என்ன எடுக்கிறதுன்னு அன்னைக்கு முடிவாகலையே" என்றான். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்ணாடிப் பெட்டிக்கு விளக்க அட்டை எழுதினேன். நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவதாக:

"ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. தொழிற்சாலையில் செய்ததன்று, பின்கட்டை கையால் அராவப்பட்டது. அந்தக் கட்டையைச் செய்தவர் தாமே என்று உரிமையாளர் சொல்லிவந்தார். குழலின் அடியில் ஒரு குறி இருந்தது. இந்த அறையின் காப்பாளர் அதில் ஒரு வளைவைப் பார்த்தார். பிறகு தவறாகத் தேய்த்து அதை அழித்துவிட்டார்."

இயக்குநர் சிவப்புப் பேனாவால் கடைசி வரியை அடித்து, "காலப்போக்கில் அழிந்துவிட்டது" என்று திருத்தினார். காலம் பாவம், அது என்ன செய்தது? முடியாது என்றேன். வாக்குவாதம். பார்க்கிறவர்கள் காறித் துப்ப மாட்டார்களா என்றார். துப்பட்டும், கண்ணாடியை நானே துடைக்கிறேன் என்றேன். அட்டை அவர் மேஜையில் கிடக்கிறது.

மே 9, வெள்ளி

அட்டை வைத்தாயிற்று. என் வரியோடுதான். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டு இயக்குநர் என் பக்கம் பார்க்கவில்லை.

இன்று மதியம் அக்காவும் தம்பியும் ஒரே வண்டியில் வந்தார்கள். தம்பி ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். சித்தப்பா. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தி, அந்த அம்மா அட்டையை உரக்கப் படித்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓடிவிடலாம் போலிருந்தது.

"யாரு அந்தக் காப்பாளர்?" என்றார் கிழவர்.

"நான்தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க அண்ணன் பிறைக்குப் பக்கத்துல புள்ளியும் இருக்குன்னு சொல்வாரே. அதைப் பார்த்தீரா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். தம்பியும்தான். பார்த்தேன் என்று ஒரு சொல் போதும். பிறை, புள்ளி, எல்லாம் பொருந்திவிடும், கிழவர் தலைகுனிந்து போவார், அந்த அம்மா இவ்வளவு காலம் காத்திருந்தது நடந்துவிடும். நான் செய்த பாவத்துக்குக் கழுவாய் என்றே சொல்லிக்கொள்ளலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"இல்லீங்க. வளைவு மட்டும்தான் பார்த்தேன். பக்கத்துல கெட்டித் துரு. புள்ளி இருந்ததா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

கிழவர் குனிந்து, கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்து, இறக்கி வைத்திருந்த பின்கட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது. "அண்ணன் கைதான் அது" என்று யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார். தம்பி அவரை மெல்ல வெளியே கூட்டிப்போனார்.

அந்த அம்மா மட்டும் நின்றார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை, சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வளைவைப் பார்த்தீங்க. இப்ப நம்புறேன் சார்" என்றார். "அப்பா சொன்ன புள்ளியை நாங்க வச்சுக்கறோம்."

அவர் போன பிறகு கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுத்தேன். கிழவரின் மூச்சு பட்ட இடம் இன்னும் காயவில்லை. துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.